அம்புக்குறி இட்ட பங்குத்தந்தை

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டு. அவ்வழியில் ஒருவரைச் செலுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பெற்றவர் ஒருவர், இன்னும் பெறாதவரைக் கண்டு, தாம் சென்ற வழியை அவருக்கு எடுத்துரைப்பதே அவற்றின் அமைப்பு. எங்கே உணவு கிடைக்கும், எந்த ஊரார் இரக்கமுடையோர், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்றெல்லாம் அப்பாட்டுகள் நுணுக்கமாகச் சொல்லும். அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் மற்றோர் அறிவுரையும் தருகிறது. வழி பிரிந்து குழப்பம் விளைவிக்கும் இடங்களில், பின்னால் வருவோர் திகைக்காதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்பதே அது.

முன்பின் அறியாத ஒருவருக்காகக் குனிந்து புல்லை முடிபவர் யார்? அவர் பெயரை எவரும் அறியப்போவதில்லை. முடிந்த புல்லும் சில நாள்களில் காய்ந்துவிடும். ஆயினும் அந்தச் சில நாள்களுக்குள் அவ்வழியே வருபவர் ஊர் போய்ச் சேர்வார். பழம்பாதைகளைத் தேடிக் கண்டு, அவற்றை எழுதி வைத்து, மீண்டும் மக்கள் நடக்கும்படி செய்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் புல்முடிச்சே நம் நினைவுக்கு வருகிறது. அவர்களுள் ஒருவர் ஒரு சிற்றூரின் பங்குத்தந்தை. புல்லுக்குப் பதிலாக அவர் கையிலெடுத்தது மஞ்சள் வண்ணம். அவர் அடையாளமிட்ட பாதை ஸ்பெயின் நாட்டில் உள்ளது. அப்பாதை சென்றடையும் நகரின் பெயரோ நம் வீடுகளிலேயே வழங்கி வருகிறது.

சந்தியாகப்பரின் வழி

நம் ஆலயங்கள் சிலவற்றில் சந்தியாகப்பர் என்றும், நம் குடும்பங்களில் சந்தியாகு என்றும் வழங்கும் பெயர் செபதேயுவின் மகனாகிய திருத்தூதர் யாக்கோபைக் குறிப்பது. ஐபீரிய நாடுகளில் வழங்கும் 'சந்தியாகோ' என்னும் வடிவமே தமிழ் ஒலி பெற்று நம்மிடையே நிலைத்தது. அத்திருத்தூதரின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவில், தெயோதோமிர் என்னும் ஆயரின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறியப்பட்டது என்பது மரபு. அவ்விடத்தில் எழுந்த நகரமே சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. கி.பி. 950ஆம் ஆண்டிலேயே பிரான்சின் லெ புய் நகர ஆயர் கோதெஸ்கால்க் பெருங்கூட்டத்தோடு அங்குப் புறப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் எருசலேம், உரோமை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் கிறிஸ்தவ உலகின் பெருந்திருத்தலமாகக் கொம்போஸ்தெலா விளங்கிற்று.

அந்த நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட காலிக்ஸ்தீனுஸ் சுவடியின் ஐந்தாம் நூல் திருப்பயணிக்கு உரிய வழிகாட்டி. பிரனீஸ் மலைக் கணவாயிலிருந்து கொம்போஸ்தெலா வரையுள்ள தொலைவை அது 13 கட்டங்களாகப் பிரிக்கிறது. எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைத் தொடலாகாது என்று பட்டியலிடுகிறது. நவார் நாட்டில் உப்பாறு ஒன்றின் கரையில் இருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தனராம். நீர் நல்லதுதான் என்று அவர்கள் உறுதி கூற, குதிரைகளை நீர் அருந்தவிட்டார் அந்த ஆசிரியர். இரண்டு குதிரைகள் அங்கேயே மாண்டன. கத்திகள் தோலுரிப்பதற்காகவே தீட்டப்பட்டன என்பது அப்போதுதான் விளங்கிற்று. நவார் மக்கள் மீது அந்நூல் பொழியும் வசைமொழிகளை நாம் ஏற்க இயலாது. ஆயினும் பின்வருவோர் ஏமாறக் கூடாது என்னும் அக்கறை அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

அந்நூலில் ஒரு சிறிய அதிகாரம் நம் நெஞ்சைத் தொடுகிறது. 1120ஆம் ஆண்டளவில் ரபனால் என்னும் ஊருக்கும் மீஞோ ஆற்றுப் பாலத்துக்கும் இடையே சாலையைச் செப்பனிட்டவர்களின் பெயர்களை அது தருகிறது. அந்திரேயா, ஸ்தேவான், பேதுரு முதலிய பெயர்கள் அதில் உள்ளன. போரில் தகர்க்கப்பட்ட பாலத்தை மீண்டும் கட்டியவர் அந்தப் பேதுரு. மன்னர்கள் பெயர் பெறும் காலத்தில், மண் சுமந்தவர்களின் பெயரை எழுதி, அவர்கள் ஆன்மாக்கள் இளைப்பாற வேண்டிக்கொள்கிறது அந்த வழிகாட்டி நூல்.

இவர்கள் தனியர் அல்லர். மடங்களில் சேர விரும்பி, போதிய கல்வி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர் என மரபு கூறும் தோமினிக் என்பார், காட்டை வெட்டிச் சாலை அமைத்தார். ஓகா ஆற்றின்மேல் பாலம் கட்டினார். திருப்பயணிகளுக்குச் சத்திரம் எழுப்பினார். 1109இல் இறந்த அவரைத் திருச்சபை 'சாலையின் புனித தோமினிக்' என்றே போற்றுகிறது. அவர் சீடர் யுவான் தெ ஒர்த்தேகாவும் அதே பணி செய்து புனிதரானவர். கல் பரப்பியதும் பாலம் கட்டியதும் புனிதத்துக்கு வழியாயின.

எழுதி வைத்தவர்கள்

பாதையை எழுதி வைக்கும் வழக்கம் திருச்சபையில் இன்னும் பழையது. கி.பி. 333இல் பிரான்சின் பொர்தோ நகரிலிருந்து எருசலேமுக்குச் சென்ற ஒருவர், குதிரை மாற்றும் இடங்களையும் இரவு தங்கும் இடங்களையும் தொலைவுக் கணக்கோடு குறித்து வைத்தார். அவர் பெயர் இன்றளவும் தெரியவில்லை. அதே நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எகேரியா என்னும் பெண்மணி திருநாட்டில் தாம் கண்டவற்றைத் தம் சகோதரிகளுக்கு எழுதினார். அவ்வேட்டின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கிடைத்தது.

கி.பி. 990இல் கான்டர்பரிப் பேராயர் சிகெரிக், பேராயர்க்குரிய பால்லியம் பெற உரோமைக்குச் சென்றார். திரும்பும் வழியில் அமைந்த 79 இடங்களின் பட்டியல் ஒன்று அவர் பயணத்திலிருந்து எஞ்சியுள்ளது. அதில் வருணனை ஏதுமில்லை. வெறும் ஊர்ப்பெயர்களே உள்ளன. ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1985இல், ஜொவான்னி கசெல்லி என்னும் இத்தாலிய ஆய்வாளர் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியை மீண்டும் தேடிச் சென்றார். 'பிராஞ்சிஜெனா வழி' என்னும் அப்பாதையை 1994இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டு வழியாக ஏற்றது. பேராயரின் பயணக் குறிப்பு ஒன்று எத்தனை பேருக்குப் பாதையாயிற்று!

கொம்போஸ்தெலா வழியின் கதையோ வளர்ச்சியும் தேய்வும் கலந்தது. கொள்ளைநோய்களும் சமயப் பிளவும் போர்களும் திருப்பயணத்தைத் தளரச் செய்தன. 1589இல் ஆங்கிலக் கடற்படையின் அச்சத்தால் திருத்தூதரின் எலும்புகள் மறைத்து வைக்கப்பட்டன. பின்னர் இருப்பிடமே மறந்து போயிற்று. 1879இல் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட, 1884இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ஆணைமடல் வழியாக அவற்றை ஏற்றார். ஆனால் எலும்புகள் கிடைத்த பின்னும் பாதை உயிர்பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வண்டிச் சாலைகள் பழைய தடத்தின் மேலேயே போடப்பட்டன. எஞ்சிய பகுதிகளில் முள் மண்டியது. அறிஞர்கள் நூல்கள் எழுதினர்; 1950இல் பாரிசில் சந்தியாகப்பர் அன்பர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. நூலகத்தில் பாதை வாழ்ந்தது. நிலத்தில் அது மறைந்து கொண்டிருந்தது.

செப்ரெய்ரோவின் குரு

எலியாஸ் வலீஞா சம்பெத்ரோ 1929இல் கலீசியாவின் சாரியா வட்டாரத்தில் பிறந்தவர். 1959இல் செப்ரெய்ரோ என்னும் மலையூருக்குப் பங்குத்தந்தையாக வந்தார். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், கூரை வேய்ந்த வட்டக் கல்வீடுகள் கொண்ட சிற்றூர் அது. கிழக்கிலிருந்து வரும் திருப்பயணி கலீசியாவுக்குள் நுழையும் வாயிலும் அதுவே. முற்காலத்தில் துறவியர் அங்கே சத்திரம் நடத்தி வந்தனர்.

அவ்வூர் ஆலயத்துக்கு ஒரு நற்கருணை வரலாறு உண்டு. ஏறக்குறைய 1300ஆம் ஆண்டில், கடும் பனிப்புயலில் ஓர் ஏழை உழவர் மலையேறித் திருப்பலிக்கு வந்தாராம். பலி நிறைவேற்றிய துறவி, சிறிது அப்பத்துக்கும் இரசத்துக்குமாக இவ்வளவு பாடா என்று உள்ளத்தில் இகழ்ந்தாராம். அப்போது அப்பம் சதையாகவும் இரசம் இரத்தமாகவும் மாறிற்று என்பது மரபு. அந்தக் கிண்ணம் இன்றும் அவ்வாலயத்தில் உள்ளது. குருக்களாகிய எங்களை இவ்வரலாறு கூசச் செய்கிறது. பீடத்தருகே நின்றவர் நம்பிக்கையின்றி நிற்க, பனியில் நடந்து வந்தவரிடம் நம்பிக்கை இருந்தது. நடந்து வருபவரை எளிதாக எண்ணாதே என்று கல்லும் கிண்ணமும் சொல்லும் ஆலயத்தில்தான் எலியாஸ் அடிகளார் நாள்தோறும் பலி ஒப்புக்கொடுத்தார்.

அவர் ஆலயத்தையும் பழைய சத்திரத்தையும் செப்பனிட முன்னின்றார். அத்தோடு நிற்கவில்லை. சந்தியாகோ வழியின் வரலாற்றையும், திருப்பயணிக்கு அக்காலச் சட்டம் அளித்த பாதுகாப்பையும் ஆராய்ந்து, சாலமாங்கா பாப்பிறைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். அது 1971இல் நூலாயிற்று. 1982இல் திருப்பயணிக்கான வழிகாட்டி நூல் ஒன்றையும் வெளியிட்டார். ஊர் ஊராக, கட்டம் கட்டமாக, நடப்பவருக்கு வேண்டியதைச் சொன்னது அந்நூல். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொம்போஸ்தெலாவில் நின்று, ஐரோப்பா தன் வேர்களை மீண்டும் கண்டடைய வேண்டுமென அழைப்பு விடுத்தார்.

ஆனால் நூலைக் கையில் ஏந்தியவரும் கவர்வழியில் திகைத்தே நின்றார். அதனை உணர்ந்த அடிகளார், 1984இல், காரில் மஞ்சள் வண்ணத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சாலைப் பணியில் எஞ்சிய வண்ணமே அது என்பர். மரத்திலும் பாறையிலும் மதில் மூலையிலும் அம்புக்குறி இட்டுக்கொண்டே சென்றார். பிரனீஸ் மலைப்பகுதியில் காவலர் ஐயுற்று அவரை நிறுத்த, பிரான்சிலிருந்து வரவிருக்கும் பெரும் படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் நகைத்தபடி விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளும் பிரெஞ்சு வழியில் நடப்போரை இன்றும் நடத்திச் செல்வது அந்த மஞ்சள் அம்பே.

தனியொருவர் வரைந்த குறி ஒரு மழைக்காலத்தில் மங்கிவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனவே வழிநெடுக அன்பர் சங்கங்கள் தோன்ற ஊக்கமளித்தார். 1985 முதல் இதழ் ஒன்றை நடத்தி அவர்களை இணைத்தார். 1987இல் ஹாக்கா நகரில் சங்கங்களின் பன்னாட்டு மாநாடு கூடிற்று. அதே ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இவ்வழியைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1989 ஆகஸ்டில் உலக இளைஞர் நாளுக்காகப் பல இலட்சம் இளைஞர் கொம்போஸ்தெலாவில் திருத்தந்தையோடு கூடினர். அவ்வாண்டு டிசம்பரில் எலியாஸ் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபது. 1993இல் யுனெஸ்கோ இவ்வழியை உலக மரபுச் செல்வமாக ஏற்றதைக் காண அவர் இல்லை.

பழைய பாதைதானா?

இங்கே வரலாறு கற்போர் எழுப்பும் வினாவை நாம் தவிர்க்கலாகாது. இன்று மக்கள் நடப்பது உண்மையிலேயே பழைய பாதைதானா?

பழந்தடத்தைக் கண்டறிய வழிகள் உண்டு. பாலங்கள் எளிதில் இடம் மாறுவதில்லை. எனவே பழைய பாலம் பாதையின் ஆணி போன்றது. சத்திரங்களுக்கு எழுதப்பட்ட கொடைப் பத்திரங்கள், யாக்கோபின் பெயர் தாங்கிய சிற்றாலயங்கள், நில எல்லைகள், ஊர்ப் பெயர்கள், முதியோரின் நினைவு ஆகியவற்றை இணைத்தால் தடம் தெரியவரும். ஆனால் சில இடங்களில் அந்தத் தடத்தின்மேல் இன்று பேருந்தும் சுமையுந்தும் ஓடுகின்றன. அங்கே உண்மையான பழஞ்சாலையில் நடக்கச் சொல்வது உயிருக்கு உலை வைப்பதாகும். வேறு சில இடங்களில், முற்காலத்திலேயே இரண்டு மூன்று தடங்கள் இருந்தன. இடைக்காலத் திருப்பயணி தம் வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டார். எல்லார்க்கும் ஒரே வழி என்பது அன்று இல்லை. அம்புக்குறி இடுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அம்பு காட்டிய ஊர் பிழைத்தது; காட்டாத ஊர் காத்திருக்கிறது. ஆதலால் பாதையை எழுதுவோர் இருப்பதைப் பதிவு செய்வதோடு, எது நிலைக்கும் என்பதையும் ஓரளவு முடிவு செய்கின்றனர். அது பொறுப்புமிக்க பணி.

மறைக்கலாகாத மற்றோர் உண்மையும் உண்டு. அன்பின் திருத்தூதுவரை வாளேந்திய குதிரைவீரராக்கி, இஸ்லாமியரை வெட்டி வீழ்த்துபவராகச் சித்திரித்த காலமும் இவ்வழியின் வரலாற்றில் உள்ளது. பாதையை மீட்டெடுக்கும்போது அந்த வாளையும் சேர்த்து மீட்டெடுக்கத் தேவையில்லை. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று தெரிந்தவரே நெடுந்தொலைவு நடக்க வல்லவர்.

எவருக்காக அம்பு?

1985இல் கொம்போஸ்தெலாத் திருப்பயணிகள் அலுவலகத்தில் பதிவானோர் 690 பேர். யூபிலி ஆண்டாகிய 1993இல் அது ஏறத்தாழ ஓர் இலட்சம். 2024இல் ஏறக்குறைய 4,99,000. ஆள் குறைந்துவந்த ஊர்களில் மூடிய வீடுகள் விடுதிகளாகத் திறந்தன. இத்தனை பேரும் செபிக்க வருகிறார்களா? இல்லை. உடற்பயிற்சிக்காகவும், ஓய்வுக்காகவும், துயரம் ஆற்றவும், ஏன் வந்தோம் என்று தெரியாமலும் பலர் வருகின்றனர். கூட்டம் மிகுந்து வாணிகமும் மிகுந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு, அவ்வருத்தம் நியாயமானதே.

ஆயினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். மஞ்சள் அம்பு நடப்பவரைப் பார்த்து, நீ எந்த நம்பிக்கையோடு வருகிறாய் என்று வினவுவதில்லை. செல்ல வேண்டிய திசையை அவர் கண்முன் வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. எம்மாவு நோக்கி நடந்த இருவரும் மனம் சோர்ந்தே நடந்தனர். ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடந்த பிறகே அவர்கள் கண்கள் திறந்தன. தொடக்கத் திருச்சபையினரின் வாழ்வுக்கே 'நெறி' என்னும் பெயர் இருந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், நம்மைப் பயணம் செய்யும் திருச்சபை என்றே அறிமுகப்படுத்திற்று. வழியில் இருப்போர் எல்லாரும் ஒரே அளவு நம்பிக்கையோடு இருக்க வேண்டுமென்றால், நம்முள் எவர் எஞ்சுவர்?

மேய்ப்புப் பணியில் உள்ள எங்களுக்கு எலியாஸ் அடிகளார் ஒரு பாடம். மக்கள் தம்மிடம் வந்து நிற்க வேண்டுமென்று அவர் அம்பு வரையவில்லை. அவருடைய ஊரையும் கடந்து, கொம்போஸ்தெலாவை நோக்கியே அவை அனைத்தும் நீண்டன. திருமுழுக்கு யோவானின் சுட்டுவிரலும் அத்தகையதே. மக்களைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளும் பணியாளர், வழியில் நின்று மறைக்கும் சுவராகிவிடுகிறார்.

இனி நம் சாலைகளைப் பார்ப்போம். வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்காக ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்துச் செபமாலை சொல்லியபடி கூட்டம் கூட்டமாக நடந்து செல்வோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நடப்பவர்க்கு மோர் தரும் தெருக்கள் உண்டு. இரவில் கதவு திறக்கும் சிற்றாலயங்கள் உண்டு. கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தரும் கைகள் உண்டு. அவர்களுள் பிற சமயத்தாரும் உண்டு. எந்த ஊரில் எவர் வீட்டுத் திண்ணை திறந்திருக்கும் என்பது கூட்டத்தை நடத்திச் செல்லும் முதியவர் நெஞ்சில் இருக்கிறது. அவருடைய தாத்தா எந்த வயல்வரப்பு வழியாக, எந்தக் குளக்கரை மரத்தடியில் தங்கிச் சென்றார் என்பதும் அவருக்குத் தெரியும். அவரோடு அது மறைந்துவிட்டால், நெடுஞ்சாலையின் ஓரமும் விரைந்து வரும் வாகனத்தின் விளக்கும்தான் அடுத்த தலைமுறைக்கு எஞ்சும். நடந்து செல்வோர் விபத்தில் மாண்ட செய்தியைப் படித்து, ஒரு செபம் சொல்லி, நாளிதழை மடித்து வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

பெரும் ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. பங்கு இளைஞர் இருவர் அந்த முதியவரோடு ஒரு மாலை அமர்ந்தால் போதும். புறப்பட்ட ஊர், தங்கிய ஆலயம், நீர் கிடைத்த கிணறு, சாலையை விட்டு விலகிச் செல்லும் கிளைப்பாதை, உணவளித்த குடும்பம் ஆகியவற்றை வரிசையாக எழுதட்டும். சிகெரிக் பேராயர் விட்டுச் சென்றதும் வெறும் ஊர்ப்பெயர்ப் பட்டியல்தானே! மண் சுமந்தவரின் பெயரை எழுதி வேண்டிக்கொண்ட அந்தப் பழைய நூலைப் போல, மோர் கொடுத்தவரின் பெயரும் அதில் இடம்பெறட்டும். இந்த ஆண்டு அன்னையிடம் நடந்து செல்லப் புறப்படும் பங்குகள், தண்ணீர்ப் புட்டியோடும் செபமாலையோடும் ஒரு குறிப்பேட்டையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.